எரிஞ்சு போன ரான்சிஸ்ரர்களின் கதை

1994. யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாமல் நாலு வருசம். 1990 யூனில சண்டை திரும்பத் தொடங்கினதோட நிண்டது. பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்ட கதையை எல்லாரும் எழுதிட்டினம். நான் எழுதப் போறது ரான்சிஸ்ரரைப் பற்றி.

ஏ.எல் படிக்க வெளிச்சம் வேணும். பழைய 12 வோல்ற் கார் பற்றரியில ஒரு சின்ன ரியூப் லைற் எரிக்க நானும் கூட்டாளியும் இன்வேட்டர் செய்தம். ரூஎன் 3055 போட்டம். ரியூப் பத்த முதல் ரான்சிஸ்ரர் போச்சு. இன்னொண்டு போட்டம், அதுவும் போச்சு.

காரணம் இதுதான். சுருளில ஓடுற கரண்டை ரான்சிஸ்ரர் திடீரெண்டு நிப்பாட்டினால் சுருள் திருப்பி உதைக்கும். ரியூப் பத்தாட்டி அந்தச் சக்திக்குப் போக வேற வழியில்லை, வோல்ற் ஏறிக்கொண்டே போகும். 3055 தாங்கிறது 60 வோல்ற்தான்.

இந்த உதையை ரிவி செய்தவையும் சமாளிக்க வேண்டி வந்தது. ரான்சிஸ்ரர் பிறந்தது 1947 டிசம்பரில, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில. ஆரம்பத்தில ஜேர்மானியம், அது சூட்டையும் தாங்காது, கூடின வோல்ற்றையும் தாங்காது. 1954இல் ரெக்சஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் சிலிக்கனில செய்து விற்கத் தொடங்கினது. 1960இல் சோனி 8 அங்குல ரான்சிஸ்ரர் ரிவி விட்டது. ஆனால் பெரிய கலர் ரிவியில செக்கனுக்கு 15,625 தரம் சுருளை உதைக்க விடுற வேலையை அதுக்குப் பிறகும் கனகாலம் வால்வுதான் பார்த்தது. 1970களில பியு 208 மாதிரி 1500 வோல்ற் தாங்கிற சிலிக்கன் வந்துதான் அந்த வால்வுகளை வீட்டுக்கு அனுப்பினது.

ரேடியோ திருத்திற அண்ணை ஒருத்தர் செத்த கலர் ரிவியில கழட்டின பியு 208 ஒண்டு தந்தார். 1500 வோல்ற்! இனி என்ன பயம் எண்டு போட்டம். ரான்சிஸ்ரர் எரியேல்லை. ரியூப்பும் எரியேல்லை. மூண்டு கிழமை மினக்கெட்டம். விளக்கமே வரேல்லை. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில அதை மேசையிலயே விட்டிட்டு நடந்தம்.

கனவருசம் கழிச்சு இங்க வந்து டேற்றா சீற் பார்க்கேக்கதான் விளங்கினது. கூடின வோல்ற் தாங்க உள்ளுக்குள்ள கலெக்டர் படை தடிப்பா, கலப்புக் குறைவா இருக்க வேணும். அதுக்கு விலை, பெருக்கம் குறையும். பியு 208 இல் 4.5 அம்பியர் எடுக்க பேஸுக்கு 2 அம்பியர் குடுக்க வேணும். எங்கட சேர்க்கிட் அதில பத்திலொரு பங்கும் குடுக்கேல்லை.

எங்களுக்குத் தேவைப்பட்டது பியு 406. பேஸ் திறந்திருந்தால் 200 வோல்ற், மூடியிருந்தால் 400. 5 அம்பியருக்கு பேஸில அரை அம்பியர் போதும். அது இருந்தது எதில தெரியுமோ? 12 வோல்ற் பற்றரியில ஓடுற சின்னக் கறுப்பு வெள்ளை ரிவிகளில. அண்ணையின்ர கடை மூலையில அப்பிடி நாலைஞ்சு பெட்டி கிடந்தது. நாங்கள் பெரிய இலக்கத்தைத்தான் தேடினம்.

இப்ப இலக்கத்தைத் தட்டினால் மூண்டு நாளில வீட்டுக்கு வரும். இதைப் படிக்கிற பெடியள் ஆராவது செய்யிறதெண்டால் வோல்ற்றை மட்டும் பாராதேங்கோ. பேஸ் எவ்வளவு கேட்குது எண்டதையும் பாருங்கோ.

கூட்டாளி இப்ப இல்லை. இருந்திருந்தால் இண்டைக்கு ரெலிபோன் எடுத்து இதைத்தான் முதலில சொல்லியிருப்பன்.