கப்பலில் பந்தி: கடற்பயணத்தில் சேர்ந்துண்ணும் நேரத்தின் வரலாறு

கடற்பயணத்தில் எப்போது, எங்கே, யாருடன் அமர்ந்து உண்பது என்பதைக் கப்பலே தீர்மானித்த காலம் மிக நீண்டது. பயணி தாமே நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் முறை உல்லாசக் கப்பல்களில் பரவலானது 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். நம் கல்யாண வீடுகளில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று சொல்வதைப் போன்றதே பழைய கப்பல் முறையும். அதன் வரலாற்றை மாப்பிள்ளையூரணி, தருவைக்குளம் போன்ற தூத்துக்குடிக் கடலோர ஊர்களின் பக்கத்திலிருந்து தொடங்குவது பொருத்தம்.

காற்று வகுத்த உணவு நேரம்

முத்துக்குளிப்புக் காலங்களில் படகுகள் நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றைப் பிடித்து முத்துப்பார்களுக்குப் புறப்படும். விடிந்ததும் குளிப்பு தொடங்கும். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் படகுகள் கரைக்குத் திரும்பும். வயிறு நிறைய உண்டுவிட்டு மூச்சடக்கி மூழ்க முடியாது. ஆகவே குளியாட்களின் முதன்மையான சாப்பாடு கரை சேர்ந்த பிறகுதான். தூத்துக்குடியில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது.

தோணிகளில் நிலைமை வேறு. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணியின் தலைவர் தண்டல். இந்தியக் கப்பலாட்களிடையே சமையற்காரருக்குப் பண்டாரி என்று பெயர். சுக்கானை ஒருவர் பிடித்தே ஆக வேண்டும் என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து உண்ண வழியில்லை. இந்தத் தோணி உலகத்தை அறிய விரும்பும் மாணவர்கள் ஜோ டி குரூஸ் எழுதிய, 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற, 'கொற்கை' நாவலைப் படிக்கலாம்.

தூத்துக்குடி–கொழும்பு நீராவிக் கப்பல் பயணம் ஓரிரவுக்குள் முடிந்துவிடும். கட்டுச்சோறு இருந்தால் போதும். 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கும் நடந்த போட்டி கட்டணத்தைப் பற்றியதாக இருந்ததே தவிர, சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கவில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இலங்கைப் பயணிகளின் முக்கிய வழி தனுஷ்கோடிக்கு மாறிவிட்டது.

ஒரே பானையில் வெந்த சோறு

சேர்ந்துண்ணுதல் என்பது உண்மையிலேயே பெரிய கேள்வியாக எழுந்தது ஒப்பந்தத் தொழிலாளர் கப்பல்களில்தான். 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16-ஆம் நாள் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கப்பல் அதுதான். ஊரில் ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர்கூடக் குடிக்காத மக்கள், அங்கே ஒரே பெரிய பானையில் வெந்த சோற்றை வரிசையாக உட்கார்ந்து உண்ண வேண்டியிருந்தது. பிறர் மறுக்காமல் உண்ண வேண்டும் என்பதற்காகச் சமையலுக்கு ஆள் எடுக்கும்போது சாதி பார்த்து எடுக்கும் வழக்கம் ஒப்பந்தக் கப்பல்களில் இருந்தது. ஆனால் வாரக் கணக்கில் நீளும் பயணத்தில் பசிக்கு முன்னால் அந்த ஏற்பாடெல்லாம் எவ்வளவு நாள் நிற்கும்? கப்பலில் பிறந்த உறவு இறங்கிய பிறகும் நீடித்தது. வட இந்தியத் தொழிலாளர்கள் அதை 'ஜகாஜி பாய்', அதாவது கப்பல் சகோதரர், என்று அழைத்தார்கள்.

இதைச் சமத்துவத்தின் வெற்றி என்று சில நூல்கள் கொண்டாடுவதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அவர்கள் விரும்பிச் சேர்ந்து உண்ணவில்லை. வேறு வழியில்லாமல் உண்டார்கள். எனினும் புலம்பெயர்ந்த நாடுகளில் சாதியின் இறுக்கம் தளர்ந்ததற்குக் கப்பல் பந்தியும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

விரும்பிய இடத்தில் உட்கார உரிமை இருந்தும் உட்காராதவர்களும் உண்டு. 1888-இல் லண்டன் புறப்பட்ட இளைஞர் காந்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாத கூச்சத்தாலும் எதில் இறைச்சி கலந்திருக்கிறது என்று கேட்கத் தயங்கியதாலும், கொண்டுபோன இனிப்பையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டதாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழர்கள் பலருக்குக் கப்பல் என்றால் 'ரஜூலா'தான். 1926-இல் கட்டப்பட்ட இக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அத்தனை பேருக்கு மேசை போட முடியுமா? விரித்த பாயே படுக்கை, அதுவே சாப்பாட்டு இடம். அதன் இடத்தை 1970-களில் எம்.வி. சிதம்பரம் எடுத்துக்கொண்டது. 1985-இல் நேர்ந்த தீ விபத்தோடு அதன் பயணிகள் சேவையும் முடிந்தது.

நிலைத்த பந்தியும் நெகிழ்வான பந்தியும்

மேலை நாட்டுப் பெருங்கப்பல்களில் உணவு நேரத்தைக் கொம்பு ஊதியோ சேகண்டி அடித்தோ அறிவிப்பார்கள். டைட்டானிக்கில் மூன்றாம் வகுப்பு உணவுக்கூடத்தில் 473 பேர்தான் அமர முடியும் என்பதால், கூட்டம் மிகுந்தால் இரண்டு பந்தி. முதல் வகுப்பினரோ தனிக் கட்டணம் செலுத்தி, விரும்பிய நேரத்தில் உண்ண ஓர் உணவகமே அதில் இருந்தது. ஆக, 'விரும்பிய நேரம்' என்பது முதலில் பணக்காரர்களின் சலுகையாகவே பிறந்தது.

உல்லாசக் கப்பல்களிலும் இரண்டு பந்தி முறையே நீடித்தது. மாலை 6 மணி அளவில் ஒன்று, 8 மணிக்குப் பின் மற்றொன்று. பயணம் முடியும்வரை அதே மேசை, அதே பரிமாறுபவர். 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் இதை மாற்றி, விரும்பிய நேரத்தில் விரும்பியவருடன் உண்ணலாம் என்றது. பிரின்சஸ், ராயல் கரீபியன், கார்னிவல் ஆகியவையும் பின்னர் தத்தம் பெயரில் இதைக் கொண்டுவந்தன. பழைய பந்தி முறையையும் அவை முற்றிலும் கைவிடவில்லை.

தனியாக வருபவருக்கும் தம்பதியருக்கும் நெகிழ்வான நேரம் வசதிதான். இருபது பேர் கொண்ட குடும்பத்துக்கு அது சிக்கல். கப்பல் உணவுக்கூடத்து மேசைகள் பெரும்பாலும் இருவர் முதல் பத்துப் பேர்வரை அமரக்கூடியவை. ஏழு மணிக்கு இருபது பேர் திடீரென்று வந்து நின்றால், அடுத்தடுத்த மேசைகள் காலியாகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் கூட்டமாகச் செல்பவர்கள் பதிவு எண்களை முன்கூட்டியே ஒன்றாக இணைக்கச் சொல்லி, எல்லா இரவும் ஒரே நேரத்துக்கு மேசை கேட்டுக்கொள்வது நல்லது. சைவம், வெங்காயம் பூண்டு சேர்க்காத உணவு, ஒவ்வாமை ஆகியவற்றைப் பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கும் குடும்பத்துக்கு முதல் பந்தியே மேல் என்பது என் கருத்து. துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிவிட்டு வரும் நாளில் மட்டும் அது அவசரமாகத் தோன்றும். அன்றைக்குத் தட்டேந்தித் தாமே எடுத்துக்கொள்ளும் பஃபே கூடத்தில் இரண்டு குழுவாகப் பிரிந்து உண்டால் போயிற்று.

தமிழ்நாட்டில் இக்கேள்வி மறுபடி எழுந்தது 2022 ஜூனில், சென்னையிலிருந்து கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' புறப்பட்டபோது. அடுத்த ஆண்டே அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்றது. அதற்கு முன் 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு இடையே 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பல் விடப்பட்டது. மாலையில் ஏறி இரவு உணவைக் கடலில் முடித்துக் காலையில் கொழும்பு இறங்கும் அந்தப் பழைய பயணம் சில மாதங்களே மீண்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் நின்றுவிட்டது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அந்தப் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். அதில் பந்தி போட வேண்டிய தேவையே எழவில்லை.