ஓமினோகா: ஜப்பானின் வைக்கோற்சட்டைப் பூச்சி

ஓமினோகா என்பது சைக்கிடே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அந்துப்பூச்சி. அறிவியல் நூல்களில் இதன் பெயர் யூமெட்டா ஜப்போனிகா. ஹொன்சூவின் தெற்கு, மேற்குப் பகுதிகள், ஷிகோகு, கியூஷூ, ஒகினாவா ஆகிய இடங்களில் இது வாழ்கிறது. தமிழ்நாட்டில் கருவேல மரங்களில் குச்சிகளைக் கட்டித் தொங்கவிட்டாற்போல் காணப்படும் பைப்புழுக் கூடுகளும் இதே குடும்பத்துப் பூச்சிகளுடையவை.

ஜப்பானியர் இதன் புழுவை மினோமுஷி என்பர். மினோ என்பது உழவர்கள் மழைக்குப் போர்த்திக்கொண்ட வைக்கோற் சட்டை. முஷி என்றால் பூச்சி. புழு தன் வாயிலிருந்து சுரக்கும் பட்டு நூலால் இலைத் துணுக்குகளையும் சிறு குச்சிகளையும் பிணைத்துப் பை செய்து, அதற்குள்ளேயே வாழ்கிறது. தலையையும் முன்கால்களையும் மட்டும் வெளியே நீட்டி இலைகளைத் தின்னும். வளர வளரப் பையையும் பெரிதாக்கும். குளிர்காலத்தில் பையைக் கிளையோடு இறுகக் கட்டிவிட்டு உள்ளே உறங்கும்.

கி.பி. 1000 ஆம் ஆண்டையொட்டி அரண்மனைப் பெண்மணி செய் ஷோனகோன் எழுதிய 'தலையணை நூல்' மினோமுஷியைப் பேயின் பிள்ளை என்கிறது. கந்தலை உடுத்திவிட்டு, இலையுதிர்காலக் காற்று வீசும்போது வருவதாகச் சொல்லிப் போன பெற்றவர் திரும்புவதில்லை. அது தெரியாமல் பிள்ளை அழுதுகொண்டிருக்கிறதாம். உண்மையில் பைப்புழு குரல் எழுப்புவதில்லை. மரத்தில் வாழும் ஒரு சிறு சிள்வண்டின் ஒலியையே அக்காலத்தார் அதன் குரலாகக் கொண்டிருக்கலாம் என்பர். ஆனாலும் அக்குரல் கவிதையில் நிலைத்துவிட்டது. 17 ஆம் நூற்றாண்டில் பாஷோவும் அதைப் பாடினார்.

கதையில் ஓர் உண்மை தற்செயலாக அமைந்திருக்கிறது. பிள்ளைகள் தாயைக் காண்பதே இல்லை. ஆண் பூச்சிக்குச் சிறகு உண்டு. உணவு உண்ணும் வாயுறுப்பு இல்லை. பெண்ணுக்குச் சிறகும் இல்லை, காலும் இல்லை. அது பையை விட்டு வெளியேறாமல் ஆணை வரவழைத்து, பைக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இறந்துபோகும். கோடையில் பொரிக்கும் குஞ்சுப் புழுக்கள் நூலில் தொங்கிக் காற்றில் மிதந்து பரவும்.

செர்ரி, சீமைப் பனிச்சை முதலிய மரங்களை மொட்டையடித்ததால் தோட்டக்காரர்களுக்கு இது தொல்லையாக இருந்தது. குழந்தைகளுக்கோ விளையாட்டுப் பொருள்: பையை உரித்துவிட்டு வண்ணக் காகிதத் துணுக்குகளைப் போட்டால் புழு வண்ணச் சட்டை தைத்துக்கொள்ளும். வெற்றுப் பைகளைப் பிரித்து ஒட்டிப் பணப்பை செய்தவர்களும் உண்டு.

இத்தனை மலிந்திருந்த பூச்சி 1990களில் திடீரென அருகியது. காரணம் நியல்சோமியா ரூஃபெல்லா என்னும் ஒட்டுண்ணி ஈ. சீனாவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இது முதலில் கியூஷூவில் பரவியது. கெட்டியான பை, புழுவின் உடலைத் தேடிவரும் எதிரிகள் பலரைத் தடுத்துவிடும். இந்த ஈயோ புழுவைத் தேடுவதே இல்லை. இலையின் மேல் மிக நுண்ணிய முட்டைகளை இட்டுப் போய்விடும். இலையோடு முட்டையையும் விழுங்கும் புழுவின் உடலுக்குள் ஈயின் புழுக்கள் வளர்ந்து அதைக் கொன்றுவிடுகின்றன. ஒரே ஓமினோகாவிலிருந்து பல ஈக்கள் வெளிவருவதுண்டு. பையை எவ்வளவு தடிப்பாக நெய்தும் பயனில்லை. ஆபத்து உணவோடு உள்ளே வந்தது.

சில ஆண்டுகளில் பல ஊர்களில் இந்தப் பைகளே அரிதாயின. தொல்லைப் பூச்சி என்று மருந்தடிக்கப்பட்ட இதைச் சில மாகாணங்கள் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்த்தன. தேயிலையில் வாழும் இதன் சிறிய உறவினமான சாமினோகா இவ்வளவு பாதிக்கப்படவில்லை. தெருவோர மரங்களில் இப்போது மினோமுஷி என்று சுட்டப்படுவது பெரும்பாலும் அதுவே. பின்னர் அந்த ஈயையே தாக்கும் குளவிகளும் ஜப்பானில் கண்டறியப்பட்டன.

2018 டிசம்பரில் ஜப்பானின் தேசிய வேளாண் ஆய்வு நிறுவனமும் கோவா நிறுவனமும், பைப்புழுவின் பட்டு சிலந்தி நூலையும் விஞ்சும் வலிமை உடையது என அறிவித்தன. புழு நடக்கும்போது கால் ஊன்றிக்கொள்ள நூலை வளைத்து வளைத்து ஒட்டிச் செல்லும். அதைக் குறுகிய பாதையில் நடக்கவைத்து, அறுபடாத நீண்ட நூலை எடுக்கும் முறையையும் அவர்கள் உருவாக்கினர்.