காட்டுக்கும் நிதி, மரத்துக்கும் வரி: வேலை செய்யும் கைக்கு என்ன?



காட்டைப் பராமரிக்கவும் காட்டுத்தீயைத் தடுக்கவும் ஆட்களைத் தயார்ப்படுத்த வேண்டும். அந்தப் பயிற்சிக்கு யார் பணம் போடுவது? இதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. காட்டுத்தீ என்றதும் கலிபோர்னியாவும் ஆஸ்திரேலியாவும் உங்கள் நினைவுக்கு வரலாம். நான் கரங்கானிலிருந்து தொடங்குகிறேன்.

கெடா மாநிலம், கூலிம் மாவட்டத்தில் உள்ள சிறிய பட்டணம் கரங்கான். சுற்றிலும் பால்மரமும் செம்பனையும். அதைத் தாண்டிப் போனால் செடிம் ஆறு, குனோங் போங்சு வனக் காப்பகம். மர உச்சிகளுக்கு நடுவே போடப்பட்ட நீண்ட நடைபாலத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் அங்கே வருகிறார்கள். தோட்டம் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. தோட்டம் நிறுவனத்தின் பொறுப்பு, காடு மாநில வனத்துறையின் பொறுப்பு. தீக்கு மட்டும் இந்த எல்லைக்கல் தெரியாது.

வட மாநிலங்களில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறண்டவை. அதே மாதங்களில்தான் பால்மரம் இலை உதிர்க்கும். தீம்பார் முழுக்கக் காய்ந்த சருகு. அணைக்காமல் வீசிய ஒரு சிகரெட் துண்டு போதும். தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை அங்கே நிற்பவர் யார்? பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்த தொழிலாளிதான். அவர் கையில் என்ன இருக்கிறது? ஒரு பாராங்கத்தி, ஒரு பச்சைக் கிளை.

நம் தோட்டங்களைச் சுற்றி நூறாண்டுக்கும் மேலாக நிதிகளுக்கும் வரிகளுக்கும் குறைவே இருந்ததில்லை. அந்தப் பணம் எதற்குப் போனது, எதற்குப் போகவில்லை என்பதுதான் என் பேச்சு.

ஆளைக் கொண்டுவர ஒரு நிதி

1907-இல் மலாயாவில் தமிழர் குடிநுழைவு நிதி என்று ஒன்று சட்டப்படி தொடங்கப்பட்டது. பின்னாளில் அது இந்தியர் குடிநுழைவு நிதி என்று அறியப்பட்டது. இந்தியத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கிய முதலாளிகள், வேலை நடந்த நாட்களைக் கணக்கிட்டு அதில் பணம் கட்டினார்கள். தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் செலவும் கப்பல் கட்டணமும் அந்தப் பணத்திலிருந்து போயின. கெடா அப்போது சயாமின் செல்வாக்கில் இருந்தது. 1909 உடன்படிக்கைக்குப் பிறகுதான் அது பிரிட்டிஷாரின் கைக்கு வந்தது.

அந்த நிதியின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒவ்வொரு தொழிலாளியின் உழைப்பு நாளும் கணக்கில் ஏறியது. அந்தக் கணக்கின்படி பணம் சேர்ந்தது. சேர்ந்த பணம் அடுத்த ஆளை அழைத்து வரப் போனது. வந்த ஆள் நாளைக்கு இன்னும் தேர்ந்த தொழிலாளியாக வேண்டும், அவனுக்கு ஒரு தொழில் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

அதிகாரிக்குப் பள்ளிக்கூடம்

காட்டுப் பக்கம் கதை வேறு. வனத்துறை வேலைக்குப் படிப்பு வேண்டும் என்பதை ஆங்கிலேயர் ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டார்கள். இந்தியாவில் டேராடூன் வனப் பள்ளி 1878-இல் வந்தது. கோயம்புத்தூரில் மதராஸ் வனக் கல்லூரி 1912-இல் வந்தது. மலாயாவின் வன நிர்வாகமே இந்திய, பர்மியக் காடுகளில் பழகியவர்களின் அனுபவத்தில் உருவானது. 1900-இல் எச். சி. ஹில் என்ற இந்திய வனத்துறை அதிகாரி இங்கே வந்து ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். மறு ஆண்டே பர்மாவில் பணியாற்றிய பர்ன்-மர்டாக் மலாய் மாநிலங்களின் வனத்துறைக்குத் தலைவரானார்.

கெப்போங்கில் 1927-இல் வனப் பள்ளி திறக்கப்பட்டது. கீழ்நிலை வன அலுவலர்களுக்கு அங்கே பயிற்சி. 1929-இல் அதே இடத்தில் வன ஆய்வு நிலையம் எழுந்தது. ஈயம் தோண்டிப் பாழாகிக் கிடந்த நிலத்தில் மரம் நட்டு, அதைக் காடாக்கிக் காட்டினார்கள். இன்று ஃப்ரிம் என்று நாம் அழைக்கும் நிறுவனம் அதுதான். பாழ்நிலமும் காடாகும் என்பதற்கு அந்த இடமே சாட்சி. பணமும் படிப்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதுவே சாட்சி.

ரப்பருக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. 1925-இல் ரப்பர் ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டது. ஏற்றுமதியாகும் ரப்பர் மீது விதித்த தீர்வை அதை நடத்தியது. 1950-களில் பழைய மரத்தை வெட்டிப் புது மரம் நடவும் ஒரு தீர்வை வந்தது. தோட்ட நிர்வாகிகளுக்கு 1919-இல் உருவான தோட்டக்காரர் சங்கம் தேர்வுகள் நடத்தியது. துரைக்குத் தேர்வு, வன அலுவலருக்குப் பள்ளி, மரத்துக்கு ஆய்வுக் கழகம். தொழிலாளிக்குப் பால்வெட்டக் கற்றுக் கொடுத்தார்கள். மரம் காயப்படாமல் பால் வர வேண்டுமே!

ஒரே காலம், இரண்டு நாடுகள்

1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை படுத்தது. தோட்டங்களில் வேலை இல்லை. அப்போது இந்தியர் குடிநுழைவு நிதி என்ன செய்தது தெரியுமா? வேலை இழந்தவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் இப்படி ஊர் திரும்பினார்கள். வரும்போது கொடுத்த கப்பல் கட்டணத்தை, போகும்போதும் அதே நிதி கொடுத்தது.

அதே சரிவு அமெரிக்காவையும் தாக்கியது. அங்கே 1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞர்களைத் திரட்டிக் காட்டுக்கு அனுப்பினார். குடிமக்கள் வனக் காப்புப் படை என்று அதைச் சொல்லலாம். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் நேராகக் குடும்பத்துக்குப் போனது. இளைஞர்கள் மரம் நட்டார்கள், தீத்தடுப்புப் பாதை வெட்டினார்கள், தீ பார்க்கும் கோபுரம் கட்டினார்கள், தீ வந்தபோது அணைத்தார்கள். மாலையில் முகாமிலேயே வகுப்பு நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாமல் வந்த பல்லாயிரம் பேர் அங்கே எழுத்தைக் கற்றார்கள். 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் அந்தப் படையில் இருந்தார்கள்.

அந்தப் படையிலும் குறைகள் உண்டு. கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் பிரித்து வைத்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நிதியைப் பற்றிய பாடம் தெளிவாக இருக்கிறது. இரண்டு நாடுகளிலும் வேலையில்லாத கைகள் இருந்தன, காடும் இருந்தது, பொதுப் பணமும் இருந்தது. ஓரிடத்தில் அந்தப் பணம் கையைத் தேற்றியது. இங்கே கப்பல் சீட்டு வாங்கியது.

தொழிலாளரே எழுப்பிய படை, சேர்த்த பணம்

நமக்குப் பயிற்சி வேண்டும், கட்டுப்பாடு வேண்டும் என்று கெடா தோட்டங்களில் உரக்கச் சொன்னவர்கள் தொழிலாளர்களே. போர் முடிந்த கையோடு, பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தின் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை விடு, ஒழுங்காக அணிவகு, மானத்தோடு நில் என்பது அதன் பாடம். அரசாங்கம் அதைச் சகிக்கவில்லை. 1947 ஏப்ரல் 28-ஆம் தேதி டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார்.

பிறகு 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம் அது. தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். 1961-இல் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எது? நம் கெடாவின் புக்கிட் சீடிம்! பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்து ஒரு தோட்டத்தையே வாங்க முடிந்தது என்றால், பயிற்சிக்குப் பணம் இல்லை என்ற பேச்சை நாம் லேசில் நம்பக்கூடாது.

புகை வந்த பிறகு

பழைய மரத்தை வெட்டி எரித்துப் புது நடவு செய்வது தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். நம் பாட்டன்மார் தீயோடு பழகியவர்கள். காற்று எந்தப் பக்கம், எப்போது பற்றவைப்பது, எங்கே வெட்டி நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. ரப்பர் கட்டை மேசை நாற்காலி ஆகலாம் என்று தெரிந்தபின், 1980-களில் கட்டைக்கு விலை வந்தது. எரிக்காமலே மறுநடவு செய்யும் முறையைக் கோல்டன் ஹோப் நிறுவனம் வளர்த்தெடுத்து, 1992-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் விருதையும் பெற்றது.

1997-இல் புகைமூட்டம் வந்தது. செப்டம்பர் 19-ஆம் தேதி சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்று மாசுக் குறியீடு அங்கே 800-ஐத் தாண்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலேசியத் தீயணைப்பு வீரர்கள் சுமத்ராவுக்குப் போய்த் தீயோடு போராடினார்கள். அதன்பின் திறந்தவெளி எரிப்புக்குச் சட்டம் கடுமையானது. 2002 ஜூன் 10-ஆம் தேதி கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் புகைமூட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. மறு ஆண்டு அது நடப்புக்கு வந்தது. அப்படியும் 2005-இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும், 2013-இல் மூவாரிலும் மீண்டும் அவசரநிலை.

சட்டம் ‘எரிக்காதே’ என்று சொல்கிறது. நல்லது. எரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதைச் சட்டப் புத்தகம் கற்றுக் கொடுக்காது. தீ மேட்டை நோக்கி ஏறும்போது வேகம் பிடிக்கும். மேலே இருக்கும் சருகு, தீ வந்து தொடுவதற்கு முன்பே சூடேறித் தயாராகிவிடும். ஆகவே சரிவில் தீக்கு மேலே நிற்கக்கூடாது. தப்பிக்கும் வழியைப் பார்த்து வைக்காமல் தீயை நெருங்கக்கூடாது. சருகை வழித்து வெறும் மண் தெரியும்படி கோடு போட்டால்தான் தரைத்தீ நிற்கும். அணைந்த கட்டைக்குள் கனல் இருக்கும், மறுநாளும் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வாரப் பயிற்சியில் கற்கக்கூடிய விஷயங்கள் இவை. தெரியாவிட்டால் விலை உயிர். 2018 மார்ச் 11-ஆம் தேதி தமிழ்நாட்டில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீ பரவியபோது, மலையேறப் போனவர்கள் சரிவில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நான் தொலைக்காட்சிக்காரி. எங்கள் தொழிலின் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். புகை எழுந்தால் கேமரா ஓடும். சருகை வழித்துக் கோடு போடும் பயிற்சியைப் படமெடுக்க யாரும் ஓடுவதில்லை. பணமும் பெரும்பாலும் கேமரா போகும் பக்கமே போகிறது.

இன்றைய நிதிகள்

பழைய குடிநுழைவு நிதி 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறியது. 1999-இல் அது சட்டப்படி கலைக்கப்பட்டது. பாட்டன்மாரின் உழைப்பு நாளைக் கணக்கிட்டுச் சேர்ந்த நிதி அது. அதில் ஒரு பங்கு பேரப்பிள்ளைகளின் தொழிற்பயிற்சிக்கென்று தனியே நின்றிருக்கலாம் என்ற ஆதங்கம் நம்மில் பலருக்கு உண்டு.

சரி, போனது போகட்டும். இருப்பதைப் பார்ப்போம். 1993 முதல் மனிதவள மேம்பாட்டு நிதி இருக்கிறது. முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காடு கட்டி, அதைப் பணியாளர் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டும். 2021 மார்ச் முதல் அது விவசாயத்தையும் வனத் தொழிலையும் சேர்த்துப் பல துறைகளுக்கு விரிந்தது. ஆனால் பத்தும் அதற்கு மேலும் மலேசியப் பணியாளர் இருக்கும் நிறுவனங்களுக்கே அது கட்டாயம். மலேசியரின் சம்பளத்துக்கே வரி. இன்று தோட்டங்களில் வெளிக்காட்டு வேலை செய்யும் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போய்விட்டார்கள். ஆகவே தீக்கு மிக அருகில் நிற்பவர் பயிற்சி வரியின் கணக்கிலேயே வருவதில்லை. 1907-இல் நம் பாட்டன் நின்ற இடத்தில் இன்று வங்காளதேசத்துக்காரரும் இந்தோனேசியரும் நிற்கிறார்கள்.

இன்னொரு பணமும் உண்டு. 1984 தேசிய வனச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் வன மேம்பாட்டு நிதி வைக்க வழி செய்கிறது. காட்டை வெட்டுபவரிடமிருந்து வரும் பணத்தில் காட்டை வளர்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். காட்டின் எல்லையில் வாழ்பவரைப் பயிற்றுவிப்பதும் காட்டை வளர்ப்பதுதானே!

மூன்று காரியங்களை நாம் கேட்கலாம். ஒன்று, வறண்ட மாதங்கள் தொடங்கும் முன் காட்டை ஒட்டிய தோட்டங்களில் தீத்தடுப்புப் பயிற்சி. எந்த நாட்டுத் தொழிலாளியாக இருந்தாலும் அவருக்குப் புரியும் மொழியில் அது நடக்க வேண்டும். இரண்டு, அந்தப் பயிற்சிக்கு மலேசியத் திறன் சான்றிதழில் இடம். கற்றவனுக்குச் சம்பளத்தில் பலன் தெரிந்தால்தான் பயிற்சி நிலைக்கும். மூன்று, வறண்ட மாதங்களில் ரோந்து போகும் உள்ளூர் இளைஞருக்கு வன மேம்பாட்டு நிதியிலிருந்து நாட்சம்பளம். செடிமில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கும் பிள்ளை, தீ நாட்களில் காவலராகவும் இருக்கலாம்.

இதற்குப் புதிதாக ஒரு வரி வேண்டாம். இருக்கும் நிதிகளின் செலவுப் பட்டியலில் ஒரு வரி எழுதினால் போதும். 1907-லிருந்து அந்த ஒரு வரியைத்தான் எழுதாமல் இருக்கிறோம்.