ஒரு குடிகாரர் இன்னொரு குடிகாரரைத் தேடிய நாள்



1935 மே மாதம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரம். வியாபார விடயமாக வந்த பில் வில்சனுக்குக் காரியம் கைகூடவில்லை. குடியை விட்டு ஐந்து மாதம்தான். ஹோட்டலில் தனிமை, அங்கேயே மதுக்கூடம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, தன்னைப்போல் குடியில் விழுந்த இன்னொருவரைத் தொலைபேசியில் தேடினார்.

கிடைத்தவர் சத்திரசிகிச்சை வைத்தியர் பொப் ஸ்மித். இருவரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். அந்த ஜூனில் குடியை விட்ட ஸ்மித், 1950இல் மரணிக்கும்வரை மீண்டும் தொடவில்லை. இப்படிப் பிறந்ததுதான் 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்'. அதே வழியில் 1953இல் கலிபோர்னியாவில் போதைப்பொருளுக்கு அடிமையானோர் 'நார்கோட்டிக்ஸ் அனொனிமஸ்' தொடங்கினர்.

பலன் உண்டா? 2020இல் கொக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இவ்வழியில் சென்றோரில் ஒரு வருடத்தின் பின் குடியிலிருந்து முழுமையாக விலகியிருந்தோர் நூற்றுக்கு 42 பேர், மற்றைய சிகிச்சைகளில் 35. இது மதுவுக்கான கணக்கு. ஐஸுக்கும் தூளுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் தனிமையை உடைப்பது வீண்போகாது.

நம்மூரில் புனர்வாழ்வு முடித்து வரும் பிள்ளைக்கு சலாம் சொல்லவே தயங்குகிறோம். அவனைத் தேடி வருபவன் பழைய கூட்டாளி மட்டுமே. அவர்கள் நாங்கள் படிப்பித்த பிள்ளைகள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, வாரத்தில் ஒரு மாலை ஓர் அறை தாருங்கள். மீண்டவர் ஒருவர், மீள நினைப்பவரோடு பேசட்டும். வைத்தியத்துக்குப் பதிலாக அல்ல, வைத்தியத்தோடு சேர்த்து.