கொக்காவில் கோபுரமும் வற்றாப்பளைக் கூரைகளும்

தமிழ்நாட்டில் கேபிள் தொலைக்காட்சி டிஜிற்றல் முறைக்கு மாறியபோது எழுந்த வாதப் பிரதிவாதங்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2011இல் இந்திய நாடாளுமன்றம் கேபிள் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டில் மாதம் 70 ரூபா கட்டணத்துடன் மீண்டும் களமிறங்கிய அரசு கேபிள் நிறுவனத்துக்கு டிஜிற்றல் உரிமம் கிடைத்ததோ 2017 ஏப்ரலில்தான். செற்றொப் பெட்டியை யார் தருவது, கட்டணம் எவ்வளவு உயரும், பழைய பெட்டியில் படம் தெரியுமா என்பனவே அங்கு வீடுகளில் எழுந்த கேள்விகள்.

அக்கேள்விகளை வன்னியிலிருந்து கேட்பது வேறோர் அனுபவம். தமிழ்நாட்டுத் தெருக்களில் கேபிள் கம்பி மரத்துக்கு மரம் தாவிய தொண்ணூறுகளில், வற்றாப்பளை போன்ற ஊர்களில் மின்கம்பியே இருக்கவில்லை. 

வற்றாப்பளையை அறியாத ஈழத்தமிழர் அரிது. நந்திக்கடலின் மேற்குக் கரையில், முல்லைத்தீவுக்கு அண்மையில் அமைந்தது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கிய பத்தாவது பளையே 'பத்தாப்பளை' ஆகி, பின் வற்றாப்பளை ஆனதென்பது ஐதீகம். வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரியும் என்பது இவ்வூரின் பெருமை. 

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியுடன் ஆரம்பமானது. 1982 பெப்ரவரியில் ஜப்பானின் உதவியுடன் ரூபவாகினி வந்தது. ரூபவாகினியின் அலைகளை வடக்குக்குக் கொண்டுவந்த அஞ்சல் நிலையம் ஏ-9 வீதியோரம், மாங்குளத்துக்கு வடக்கே, கொக்காவிலில் இருந்தது. யாழ்ப்பாணத்தவர்களோ நெடிய குழாய்களின் உச்சியில் மீன்முள் அன்ரனாக்களைக் கட்டி, கொடைக்கானலில் இருந்து கடல் தாண்டி வந்த தூரதர்சனைப் பார்த்தார்கள். காற்றும் வெப்பமும் வாய்த்த இரவுகளில் படம் தெளியும். மற்ற நாள்களில் மழை பெய்வது போலப் புள்ளிகள்.

1990இல் போர் மீண்டும் மூண்டது. ஜூலையில் கொக்காவில் முகாம் வீழ்ந்தது. ஒளிபரப்பு நிலையமும் அழிந்தது. தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையில் மின்கலங்களும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. (கிடைத்த தாளில் பத்திரிகை அச்சிட்ட காலமும் அதுவே, எங்கள் தொழிலைச் சார்ந்தவர்கள் அதை நன்கு அறிவர்.)

அப்போது தொலைக்காட்சி என்பது வீட்டுப் பொருளாக இருக்கவில்லை. ஜெனரேற்றர், டெக், தொலைக்காட்சிப் பெட்டி மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஒரு முற்றத்தில் வைத்துப் 'படம் போடுவார்கள்'. விடிய விடிய மூன்று நான்கு படங்கள் ஓடும். அயலெல்லாம் பாயுடன் வந்துவிடும். எந்தப் படம் என்பதை ஊர் கூடித் தீர்மானித்தது. எப்போது நிற்கும் என்பதை மண்ணெண்ணெய் தீர்மானித்தது. விடுதலைப்புலிகளின் நிதர்சனப் பிரிவு தயாரித்த 'ஒளிவீச்சு' கசெற்றுகளும் இவ்வாறே ஊர்களைச் சென்றடைந்தன. 2002இன் போர்நிறுத்தத்தின் பின்னர், 2005இல் கிளிநொச்சியிலிருந்து தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி இயங்கத் தொடங்கியது.

2009இன் முதல் மாதங்களில் அனைத்தும் போயின. பெட்டியும் டெக்கும் மட்டுமன்று. கலியாண வீட்டுக் கசெற்றுகளும்தான். மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. மீளக்குடியேறியவர்கள் வெறுங்கூரையிலிருந்து தொடங்கினார்கள். 

இங்குதான் வரலாறு ஒரு படியைத் தாண்டிக் குதித்தது. தமிழ்நாடு அன்ரனாவிலிருந்து கேபிளுக்கும், கேபிளிலிருந்து டிஜிற்றலுக்கும் வந்தது. வன்னியின் கிராமங்களோ கசெற்றிலிருந்து நேரே செய்மதித் தட்டுக்கு வந்தன. தகரக் கொட்டிலின் மேலும் டயலொக் தட்டு முளைத்தது. டிஜிற்றல் மாற்றம் அங்கு அரசாணையாக வரவில்லை. முற்கொடுப்பனவு அட்டையாக வந்தது. பணம் கட்டினால் படம், கட்டாவிட்டால் நீலத்திரை. முன்பு முற்றத்துக்கு வந்த அயலவர் இப்போது அவரவர் அறையில் சென்னைத் தொடர்களைப் பார்க்கிறார். 2022இன் நெருக்கடியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நீண்டபோது, அத்தட்டுகள் வானத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தன.

கட்டணமில்லாத் தரைவழி ஒளிபரப்பின் கதை வேறு. கொக்காவிலில் 174 மீற்றர் உயரப் புதிய கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. 2014இல் இலங்கை ஜப்பானிய டிஜிற்றல் முறையைத் தேர்ந்தது. அவ்வாண்டே கடனுதவிக்கும் இணக்கம் ஏற்பட்டது. பின்னர் ஆட்சி மாற்றம், தயக்கம், 2022இன் கடன் முறிவு எனத் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2024இல் ஜப்பான் மீளத் தொடங்க இசைந்த திட்டங்களுள் இதுவும் ஒன்று.

இந்தத் தாமதம் கொழும்பிலுள்ளவர்க்குப் படத்தின் தெளிவு பற்றியதாக இருக்கலாம். முல்லைத்தீவுக்கு அது உயிர் பற்றியது என்பது என் கணிப்பு. ஜப்பானிய முறையிலே அவசர எச்சரிக்கைச் சமிக்ஞை உள்ளடக்கமாகவே இருக்கிறது. அதற்கென அமைந்த வாங்கிகளை, உறங்குநிலையில் இருந்தாலும், அச்சமிக்ஞை எழுப்பிவிடும். கைபேசியில் பெறத்தக்க ஒரு கூறும் அதே அலையில் உண்டு. 2004 டிசெம்பர் 26 காலையில் முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை அடித்துச் சென்றபோது, அலை எழுந்ததற்கும் கரை தொட்டதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் இருந்தது. சொல்வதற்கு எவருமில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சந்தா தீர்ந்த தட்டு அத்தகைய எச்சரிக்கையைத் தராது. கட்டணமற்ற அலையே ஏழை வீட்டுக்கும் போகும்.

ஆனால் பழைய அலை நலிந்தாலும் புள்ளிகளுக்கிடையே குரல் கேட்கும். டிஜிற்றலில் அது கிடையாது; ஓர் எல்லைவரை தெளிவு, அதற்கப்பால் முழு மௌனம். ஆகவே கொக்காவில் போன்ற கோபுரங்களின் வலு கரையோரக் குடிசைவரை எட்டுமா என்பதை முன்கூட்டியே அளந்து பார்க்கவேண்டும். எச்சரிக்கை எம்மொழியில் வரும் என்பதையும் இப்போதே கேட்டுவைக்கவேண்டும். பெட்டி வாங்க இயலாத குடும்பங்களுக்கு அதனை யார் கொடுப்பது என்ற சென்னையின் பழைய கேள்வி அப்போது வற்றாப்பளைக்கும் வந்து சேரும்.