தண்டச்சீட்டின் மொழி: யாழ்ப்பாணக் குடாநாட்டில் சாரதியின் தெரிவு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் போக்குவரத்து வழக்குகளில் மொழிச் சிக்கல் இல்லை என்ற முடிவு ஆய்வாளர் சிலரிடையே நிலைபெற்றுவிட்டது. யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றங்களின் ஏடுகள் தமிழில் இருப்பதே அதற்குச் சான்று. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி அவை தமிழில்தான் இருக்கவும் வேண்டும். ஏட்டை அவர்கள் பிழையாக வாசிக்கவில்லை. ஏட்டுக்கு வராததைக் கணக்கில் எடுக்காமல் விட்டார்கள். பணம் கட்டித் தீர்ந்த தண்டம் எந்த வழக்கேட்டிலும் ஏறாது. "பொலிஸ் மறிச்சது, பைன் கட்டினன்" என்று திண்ணைப் பேச்சோடு முடிந்துபோவது ஆய்வாளர் கண்ணில் படுவதில்லை.

ஆகவே வாசிக்கவேண்டிய மூலம் தண்டச்சீட்டுத்தான். லைசன்ஸைக் கொடுத்துவிட்டு ஓட்டோக்காரர் ஒருவர் வாங்கிவந்த சீட்டை விரித்துப் பார்க்கலாம். வண்டி இலக்கமும் தொகையும் எவருக்கும் விளங்கும். குற்றம் இன்னதென்று கையால் நிரப்பும் இடத்திலோ அவசரமாக எழுதிய சிங்களம். எல்லாச் சீட்டும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். தமிழில் நிரப்பித் தரும் உத்தியோகத்தர்களும் உண்டு. ஆனால் அச்சிட்ட பகுதி எத்தனை மொழியில் இருந்தாலும் அது எல்லாச் சாரதிகளுக்கும் பொதுவானது. இந்தச் சாரதி செய்ததாகச் சொல்லப்படுவது என்ன என்பது அந்த ஒரு வரியில் மட்டுமே இருக்கிறது. தபாலகத்தில் பணம் வாங்குபவருக்கு அந்த வரி தேவைப்படாது. எவ்வளவு கட்டினோம் என்று தெரிந்து, எதற்குக் கட்டினோம் என்று தெரியாமலே சாரதி வீடு திரும்பலாம்.

முன்னைய ஆய்வு மரபு, இப்படி வீதியிலேயே விதிக்கப்படும் உடன் தண்டத்தை ஓர் இணக்கமாகக் காண்கிறது: சாரதி குற்றத்தை ஏற்றுப் பணம் கட்டுகிறார், அரசு வழக்கை விடுகிறது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் உள்ள நடைமுறையும் அப்படி எண்ணவைக்கிறது. 14 நாளுக்குள் கட்டலாம், தவறினால் 28 ஆம் நாள்வரை இரட்டிப்பு, அதன்பின் நீதிமன்றம். பணம் கட்டாதவனுக்குக் கிடைக்கும் கடைசித் தண்டனைபோல நீதிமன்றம் இங்கே தோற்றமளிக்கிறது. அரசியலமைப்பின் 13(3), 13(5) உறுப்புரைகளோடு சேர்த்து வாசித்தால் ஒழுங்கு தலைகீழாகிறது. குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை சுற்றவாளியாகக் கருதப்படுவதும், நேரிலோ சட்டத்தரணி மூலமாகவோ தகுதிவாய்ந்த நீதிமன்றத்தில் விளக்கம் பெறுவதும் முதலில் வரும் உரிமைகள். பணம் கட்டுபவர் அவற்றை விட்டுக்கொடுக்கிறார். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

வட மாகாணத்தின் நிருவாக மொழி தமிழ் என்கிறது 22 ஆம் உறுப்புரை. மல்லாகம் நீதிமன்றத்தில் தமிழில் வாசித்துக் காட்டவேண்டிய குற்றச்சாட்டை, அதே ஊர் வீதியோரத்தில் சிங்களத்தில் கொடுத்தால் போதும் என்பது எந்த வாசிப்புக்கும் பொருந்தாது. ஏனைய சட்டங்களோடு முரண்பட்டால் மொழி பற்றிய அத்தியாயமே மேலோங்கும் என்று 25அ உறுப்புரையும் சொல்லிவைத்திருக்கிறது. நீதிமன்றம் என்ன தீர்க்கும் என்று முன்கூட்டிச் சொல்வது என் வேலையல்ல. எனினும் விளங்காத சீட்டுக்குக் கட்டிய பணத்தை இணக்கம் என்று அழைக்க என்னால் முடியவில்லை.

பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்து வாசிப்பித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அரசின் கடமையை வழிப்போக்கர் தலையில் கட்டும் வாதம் அது. தமிழறிந்த உத்தியோகத்தர் போதாது என்பதற்கு 25 ஆம் உறுப்புரையே பதில்: வசதி செய்துகொடுப்பது அரசின் பொறுப்பு. கனமான மறுப்பு ஒன்றுதான். கோட்டுக்குப் போனால் அன்றைய உழைப்பும் போய்ச் சட்டத்தரணிக்கும் கொடுக்கவேண்டும். தமிழில் எழுதியிருந்தாலும் பலர் பணத்தையே கட்டியிருப்பார்கள். உண்மைதான். அலைச்சலுக்குப் பயந்து கட்டினார்கள் என்பதை அது விளக்குகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்பதை அல்ல.

2016 டிசம்பரில் சில குற்றங்களுக்கான குறைந்தபட்சத் தண்டத்தை 25,000 ரூபாவாக்கும் யோசனையை எதிர்த்துத் தனியார் பேருந்துகள் ஓடாமல் நின்றபோதும் சீட்டின் மொழி அல்ல, தொகையே பேசப்பட்டது. 2025 இல் தொடங்கிய இணையவழிக் கட்டணமுறை தபாலகத்துக்குப் போகும் அலைச்சலைக் குறைக்கும். குற்றம் எழுதிய அந்த வரியை வாசிக்கும் நேரத்தையும் குறைத்துவிடக்கூடும்.

பரிகாரங்களுக்கு வருவோம். அடிப்படை உரிமை மட்டுமன்றி மொழி உரிமை மீறப்பட்டாலும் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம்; ஆனால் ஒரு மாதத்துக்குள், அதுவும் கொழும்பில். இரட்டிப்புத் தண்டத்தின் 28 நாளும் இந்த ஒரு மாதமும் ஏறக்குறைய ஒன்றாகவே முடிந்துவிடுகின்றன. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் அந்த மாதத்துக்குள் முறையிட்டால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. அப்பிரிவு அடிப்படை உரிமையையே குறிப்பிடுவதால், முறைப்பாட்டை 12 ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமை மீறலாகவும் எழுதுவது புத்தி. 1991 இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

எதைச் செய்வதானாலும் சீட்டு வேண்டும். பணம் கட்டி லைசன்ஸை மீட்கும்போது அது கையைவிட்டுப் போய்விடும். எனவே சீட்டுக் கிடைத்த அன்றைக்கே, குற்றம் எழுதிய வரி தெளிவாகத் தெரியும்படி, தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.