கடைசலும் கிணறும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து உலோக வெட்டுப் பொறிகளின் வரலாறு

முன்னுரை

தமிழகத் தொழில் வரலாறு பெரிதும் நூற்பாலைகள், தொழில் முனைவோர், அரசின் பெருந்திட்டங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவற்றின் உறுப்புகளை ஆக்கியும் பழுது நீக்கியும் வந்த லேத் முதலிய பொறிகள் அவ்வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. அனுமந்தன்பட்டி அமைந்துள்ள கம்பம் பள்ளத்தாக்கு போன்ற வேளாண் பகுதிகளில் இப்பொறிகளின் இடத்தை உற்பத்தியைக் கொண்டன்றிப் பழுது நீக்கத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொல்லும் பொறியும்

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் வினைச்சொல் ஒன்றே. கயிற்றை மாறி மாறி இழுத்து ஒன்றைச் சுழலச் செய்வது இரு தொழிலுக்கும் பொதுவாகும். மரக் கடைசலில் உளியைத் தாங்கியது கைவினைஞரின் கை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கிய திருகு வெட்டும் லேத்தில், வெட்டுளியை நகரும் தாங்கி ஏற்றது. அதன் நகர்வை ஒரு திருகுத்தண்டு நெறிப்படுத்தியது. ஒரே அளவுடைய திருகுகளைத் திரும்பத் திரும்ப வெட்டுவது இதனால் இயன்றது. அதற்கு முன்பே ஜான் வில்கின்சனின் துளைகடையும் பொறி, ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்திற்குரிய உருளைகளைத் துல்லியமாகக் கடைந்து தந்திருந்தது. 1836இல் ஜேம்ஸ் நாஸ்மித் ஷேப்பிங் பொறியை உருவாக்கினார்.

பாடநூல் வழக்கில் கடைசல், துளையிடல், சாணை என்னும் பழஞ்சொற்கள் இப்பொறிகளுக்கு ஏறின. இவை ஏற்கெனவே இங்கிருந்த கைத்தொழில்களின் சொற்கள். அத்தகைய முன்வடிவம் இல்லாத மில்லிங், பட்டறைகளில் மில்லிங் என்றே நிலைத்தது.

நீரும் மின்சாரமும்

1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரைக் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே கிழக்கே திருப்பியது. ஆற்றுப்பாசனம் எட்டாத நிலங்களுக்குக் கிணறே துணை. 1932இல் பைக்காரா மின்னுற்பத்தி தொடங்கியபின் கோயம்புத்தூரின் ஆலைகளும் பட்டறைகளும் விரைந்து வளர்ந்தன. அங்கு 1937இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை உருவாக்கினர். 1953இல் பெங்களூரில் நிறுவப்பட்ட எச்.எம்.டி. நிறுவனம் லேத்துகளை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1958இல் லோயர் கேம்ப் பெரியாறு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கமலை ஏற்றத்தின் பழுதை ஊர்த் தச்சரும் கொல்லரும் நீக்கினர். மோட்டார் பம்பின் பழுதோ அவர்தம் கருவிகளின் எல்லையைக் கடந்தது.

ஒரு பம்பும் பல பொறிகளும்

பம்பின் தண்டு தேய்ந்தால், தேய்ந்த இடத்தில் பற்றவைத்து உலோகம் ஏற்றி, லேத்தில் உரிய விட்டத்திற்குக் கடைய வேண்டும். லேத்தில் பொருள் சுழலும், வெட்டுளி நகரும். தண்டில் சாவிக்குரிய பள்ளத்தை மில்லிங் பொறி வெட்டும். இங்கே சுழல்வது வெட்டி. இம்பெல்லரின் உட்துளையில் அதே பள்ளத்தை வெட்ட, உளி மேலும் கீழும் இயங்கும் ஸ்லாட்டிங் பொறி வேண்டும். தட்டையான முகங்களை ஷேப்பிங் பொறியும், போல்ட் துளைகளைத் துளையிடும் பொறியும் கவனிக்கும். டீசல் எந்திரத்தின் கிராங்க் தண்டை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்களவுக்குச் சீர்செய்வது சாணைப் பொறி. பாசன நாள்களில் இவற்றுள் ஒன்று கிட்டாமற்போனாலும் பயிர் வாடும். எனவே பட்டறையையும் பாசன அமைப்பின் ஓர் உறுப்பாகக் கொள்வதே பொருந்தும்.

முடிவுரை

அணையையும் கால்வாயையும் ஆராயும் பாசன வரலாறு, கிணற்றை இயங்கவைத்த பட்டறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கணினி வழி இயங்கும் பொறிகள் பரவிவரும் இக்காலத்தில், கையால் அளவு பார்த்துக் கடையும் மூத்த தொழிலாளரின் அறிவும் சொற்களும் எழுத்தில் பதியாமலே மறையக்கூடும். பட்டறைகளின் வேலைக் குறிப்பேடுகள், பொறிகளின் உற்பத்தித் தகடுகள், தொழிலாளர்தம் வாய்மொழி ஆகியவற்றை ஊர்தோறும் தொகுப்பது தமிழ்த் தொழில்நுட்ப வரலாற்றின் உடனடித் தேவையாகும்.